இருபத்திரண்டு கிலோ

என்னுடைய கிதார் ஆம்பின் எடை இருபத்திரண்டு கிலோ. என் வீட்டுக்காரர் சொல்லும்போது அது முப்பது ஆகிவிடும். கேட்பதற்கு நாலு பேர் இருந்தால் முப்பத்தைந்து.

எடையைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லையென்று சொல்லவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். "இனிமே அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்காதீங்க" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "தூக்காமலே பழகிக்குங்களேன்" என்றார். அதுவரை மூன்றாவது மாடியிலிருந்து அந்த ஆம்பை நானே இறக்கி, காரில் ஏற்றி, ஒத்திகை அறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவள் நான். கிதார் பிரச்சினையில்லை, தோளில் தொங்கிவிடும். ஆனால் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிதாரை யாரும் கேட்க முடியாது. கம்பி அதிரும், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஆகவே ஆம்பைத் தூக்கும் வேலை அவருக்குப் போனது. தூக்குகிறவர் சும்மாவாவது தூக்கினாரா? ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று ஒரு பெருமூச்சு. எதிரே வருகிறவர்களிடம், "இவங்க வாசிப்பாங்க, நான் சுமப்பேன்" என்று ஒரு சிரிப்பு. நிகழ்ச்சி முடிந்து யாராவது என்னிடம் வந்து நன்றாக இருந்தது என்று சொன்னால், நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க தூக்கிட்டு வந்தேன்!" கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் வேறு எதைப் பற்றியும் அவர் இவ்வளவு பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார், வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். எங்கள் ஒத்திகை வியாழக்கிழமை மாலை. அவருக்கு அன்று மாலை ஷிஃப்ட் விழுந்தால் ஆம்ப் வராது. ஆம்ப் வராவிட்டால் நான் போய் என்ன செய்ய, கைதட்டவா? எட்டு மாதத்தில் ஏழு ஒத்திகை இப்படிப் போனது. அதில் ஒன்று ஷிஃப்ட்டால் போகவில்லை. "இன்னிக்கு வேணாமே, இடுப்பு பிடிச்சிருக்கு" என்றார். பிறகு சோபாவில் காலை நீட்டிக் கால்பந்து பார்த்தார். கோல் விழுந்தபோது துள்ளி எழுந்தார், அப்போது இடுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். நான் வாசிப்பதும் வாசிக்காமல் இருப்பதும் இன்னொருவர் இடுப்பைப் பொறுத்ததாக இனி இருக்கக் கூடாது.

அப்படித்தான் ஒரு கிதார் பெடல் வீட்டுக்கு வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. கிதார் வயரை ஒரு பக்கம் செருகி, மறுபக்கத்திலிருந்து நேராக, எல்லாருடைய சத்தத்தையும் கலந்து அனுப்பும் மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். பெரிய ஆம்பும் அதன் ஸ்பீக்கரும் கிதாரின் சத்தத்தை என்ன செய்யுமோ, அதை இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் செய்துவிடும். கம்ப்யூட்டர் கிடையாது, திரை கிடையாது, வெறும் ஆறு குமிழ்கள். எதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நாம் எங்கே திருப்பி வைக்கிறோமோ அதுதான் சத்தம். கிதார், பெடல், வயர் எல்லாவற்றையும் பையில் போட்டுக் குளியலறை எடைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். நாலரை கிலோ. டாக்டரே வந்து கேட்டாலும் பதில் சொல்லலாம்.

ஒரு வாரம், வேலைக்குப் போவதற்கு முன் தினமும் ஒரு மணி நேரம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஆறு குமிழ்களோடு மல்லுக்கட்டினேன். நான் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், எங்கள் லேபில் அதற்குப் பொருத்தமாகப் பீங்கான் பல் செய்து அனுப்புவோம். மயிரிழை வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. அதே பொறுமையோடு காதையும் பழக்கினேன். பேஸைக் கூட்டினேன், சத்தம் கனத்தது. ட்ரெபிளைக் கூட்டினேன், பளிச்சென்று ஆனது. நடுவிலிருக்கும் மிடில் குமிழைக் கூட்டினால் மட்டும் சளி பிடித்தவர் பேசுவதுபோல் ஒரு மூக்குச் சத்தம் வந்தது. அதைத் தரையோடு இறக்கிவிட்டேன். ஏழாம் நாள் கிடைத்த சத்தத்தைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. லேபில் அச்சின்மேல் கோடு போடும் நீலப் பென்சிலால் ஆறு குமிழ்களுக்கும் அடையாளம் போட்டு வைத்தேன்.

ஹெட்போனை அவர் காதிலும் மாட்டினேன். கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று கழற்றிக் கொடுத்தார்.

"அப்ப ஆம்ப்?" என்றார்.

"அது வீட்டுலயே இருக்கட்டும். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லை."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு துணியை எடுத்து ஆம்பின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசியே இல்லை.

எங்கள் ஒத்திகை அறை ஒரு டயர் கடைக்குக் கீழே. என் தம்பி டிரம்ஸ் வாசிக்கிறான், குழுவை நடத்துகிறவனும் அவன்தான். பாடுகிறவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பேஸ் கிதார் வாசிப்பவருக்கு ஆறடி என்று பெயர், ஏனென்றால் ஐந்தடிக்கு மேல் அவர் வளரவில்லை. மிக்ஸரில் உட்காருபவருக்குப் பெயர் கேக்குது. யார் எதைக் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்.

அந்த வியாழக்கிழமை நான் தனியாகப் பேருந்தில் போய் இறங்கினேன். தோளில் ஒரு பை. படியில் துள்ளி இறங்கவில்லை, அவ்வளவுதான் குறை. பெடலை மிக்ஸரில் செருகித் தனியாக ஒரு தடவை மீட்டிக் காட்டினேன். "அடேங்கப்பா" என்றான் தம்பி. பாட்டு ஆரம்பித்தது. நான் காணாமல் போனேன்.

கை வாசிக்கிறது, கம்பி அதிர்கிறது, பெடலில் விளக்கு எரிகிறது. சத்தத்தை மட்டும் காணவில்லை. "கேக்குதா?" என்று கத்தினேன்.

"கேக்குது, கேக்குது" என்றார் கேக்குது.

"எனக்குக் கேக்கலை!"

சத்தத்தை ஏற்றினார். கீழே ஒரு 'கும்', மேலே ஒரு 'உஸ்', நடுவில் கிதார் இருக்க வேண்டிய இடம் காலி. பாட்டை நிறுத்தித் தனியாக வாசித்தால் தேன். எல்லாரும் சேர்ந்தால் பூஜ்யம். அதன்பிறகு ஆளுக்கொரு யோசனை. வயரை மாற்றச் சொன்னார் ஆறடி. மாற்றினேன். கிதாரையே மாற்றச் சொன்னாள் பாடுகிறவள். அவளை ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினாள். கடைசியில் தம்பி எழுந்து வந்து, அந்த அறையின் மூலையில் கிடந்த பழைய குட்டி ஆம்பில் என் பெடலைச் செருகினான்.

"டேய், இதுக்குள்ளயே ஒரு ஆம்ப் இருக்குடா. ஆம்ப் மேல ஆம்ப் வைப்பியா?"

"வச்சுத்தான் பாப்போமே."

வைத்துப் பார்த்தோம். ரெண்டு மூக்குக்கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டால் எப்படியோ அப்படி இருந்தது. ஒரே மொத்தை. தம்பி குச்சிகளைத் தொடையில் தட்டிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, அடுத்த சனிக்கிழமை நீச்சல் கிளப்பு விழா. நூத்தம்பது பேர் வருவாங்க. நீ வாசிக்கிறது கேக்கலைன்னா, நீ வந்து நிக்கிறதுல என்ன இருக்கு?"

"ஒரு வாரம் குடு. சரி பண்ணிடறேன்."

"பண்ணு. இல்லேன்னா அத்தான்கிட்டச் சொல்லி ஆம்பைக் கொண்டு வந்துடு. இதுல என்ன கௌரவம்?"

அவனுக்கு அது கௌரவம். எனக்கு அது என்ன என்று அவனுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பையை மூடினேன்.

அந்த வாரம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. சத்தம் எடுபடவில்லை என்றால் இன்னும் கனம் வேண்டும், இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று நினைத்தேன். தினமும் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேஸை இன்னும் கூட்டினேன், ட்ரெபிளை இன்னும் கூட்டினேன். தனியாகக் கேட்க முன்பைவிட அழகாக இருந்தது. அடுத்த வியாழக்கிழமை கொண்டுபோனால், முன்பைவிட மோசம். போதாக்குறைக்குப் பையில் உரசி உரசிக் குமிழ்கள் நகர்ந்திருந்தன. நீலக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன், நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் தம்பி நிறுத்தினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்தான்.

"அத்தான், சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரீயா?"

நான் வீடு திரும்பும்போது ஆம்ப் வாசல் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. அதன் கரண்டு வயர் அழகாகச் சுற்றி, ஒரு பச்சை ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அவர் இடுப்பில் புதிதாக ஒரு பெல்ட். கனம் தூக்குகிறவர்கள் கட்டுவது.

"இதை யார் எடுத்து வைக்கச் சொன்னது?"

"தம்பி கேட்டான்."

"நான் கேட்டேனா?"

"உனக்காகத்தானே தூக்கறேன்? என்னமோ நான் தப்பு பண்ணிட்ட மாதிரி பேசறே."

"எனக்காகத் தூக்கறதா இருந்தா நான் கேட்டப்ப தூக்கியிருக்கணும். கால்பந்து அன்னிக்குத் தூக்கியிருக்கணும்."

அவர் முகம் தொங்கிப் போனது. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. பெடலைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தால் என்ன என்றுதான் தோன்றியது. எறிந்திருந்தால் ஒரே நாளில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை லேபுக்குப் போனதும் மேசைமேல் ஒரு பெட்டி. நான் செய்து அனுப்பிய பல் திரும்பி வந்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் என் கைப்பட்ட பல் திரும்பியதே இல்லை. பல் டாக்டர் ஒரு சீட்டு வைத்திருந்தார்: 'பார்க்க மிக அழகு. கடித்தால் எதிர்ப் பல்லைத் தொடவே இல்லை. மெல்ல முடியாது. திரும்பச் செய்யவும்.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல்லை எடுத்து விளக்கில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. பெடல் நினைப்பிலேயே இருந்த அந்த வாரத்தில், அந்தப் பல்லைத் தனியாக மேசையில் வைத்தே செய்து முடித்திருக்கிறேன். ஒரு பல்லைச் செய்யும்போது மேல் தாடை அச்சையும் கீழ்த் தாடை அச்சையும் கருவியில் மாட்டி, கடிக்க வைத்து, கடிக்க வைத்துத்தான் செய்ய வேண்டும். லேபுக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். பல்லைத் தனியாகப் பார்த்து அழகுபடுத்துகிறவள் பொம்மை செய்யப் போகலாம் என்று நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

பல் கையில் இருக்க, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு வாரமாக நான் ஹெட்போனுக்குள் செய்துகொண்டிருந்தது என்ன? டிரம்ஸ் இல்லை, ஆறடி இல்லை, பாட்டு இல்லை. எதிர்த் தாடையே இல்லாமல் ஒரு பல்லைத் தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்திருக்கிறேன். முட்டாள், முட்டாள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

முதலில் அந்தப் பல்லைத் திரும்பச் செய்தேன், இந்த முறை கடிக்க வைத்து. மாலை வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமை ஒத்திகையில் போனில் பதிவு செய்திருந்ததை எடுத்தேன். அதில் டிரம்ஸ் இருக்கிறது, பேஸ் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, நான்தான் இல்லை. இதைவிட நல்ல அச்சு எங்கே கிடைக்கும்? போனை ஒரு காதோரம் சத்தமாக ஓடவிட்டு, மறு காதில் ஹெட்போனை வைத்து, அந்தப் பாட்டோடு சேர்ந்து வாசித்துக்கொண்டே குமிழ்களைத் திருப்பினேன். பேஸ் ஆறடியின் இடம், எனக்கு அங்கே என்ன வேலை? இறக்கினேன். ட்ரெபிளில் தம்பியின் தாளத் தட்டுகள் உஸ்ஸென்று உட்கார்ந்திருந்தன. அதையும் இறக்கினேன். கடைசியில், நான் தரையோடு அமுக்கி வைத்திருந்த மிடில் குமிழை, அந்த மூக்குச் சத்தத்தை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். முக்கால்வாசி திரும்பியதும் நான் எனக்குக் கேட்டேன். எல்லார் நடுவிலும், யாரையும் மிதிக்காமல், தெளிவாக. போனை நிறுத்தித் தனியாக வாசித்தால் கேட்கச் சகிக்கவில்லை. சகிக்காமல் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை பென்சில் கோட்டை நம்பவில்லை. லேபிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்பு மெழுகை உருக்கி, ஆறு குமிழ்களின் அடியிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். இனி மலையிலிருந்து உருண்டாலும் நகராது.

சனிக்கிழமை அவர் எழுந்து குளிப்பதற்குள் நான் கிளம்பிவிட்டேன். விழா நடந்த மண்டபம் முதல் மாடியில். பெடலைத் தரையில் வைத்து வயரை மிக்ஸருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது படியில் அந்தப் பெருமூச்சு கேட்டது. பெல்ட் கட்டிக்கொண்டு, ஆம்பை அணைத்துக்கொண்டு அவர் வந்தார். நேராக மேடையேறி எனக்குப் பின்னால் வைத்தார்.

"வேணாம்னு சொன்னேன்ல?"

"இருக்கட்டும். எதுக்கும் ஒரு சேஃப்டி."

"வந்துடுச்சா? அப்பாடா" என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தம்பி சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆரம்பிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது, சண்டை போட நேரமில்லை. கேக்குது ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு ஆம்புக்கு முன்னால் வைக்க வந்தார்.

"மைக் வேணாம். இந்த வயர்தான்" என்றேன்.

ஒரு தடவை மீட்டிக் காட்டினேன். கேக்குது முகத்தைச் சுளித்தார். "அக்கா, மூக்குல பேசற மாதிரி இருக்கே?"

"பாட்டு ஆரம்பிக்கட்டும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மிக்ஸருக்குப் போனார். என் வீட்டுக்காரர் முதல் வரிசையில், கிளப்பின் தலைவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, மேடையை நோக்கிக் கையை நீட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். நீட்டிய கை என்னைக் காட்டவில்லை, எனக்குப் பின்னால் காட்டியது.

தம்பி குச்சியைத் தட்டி எண்ணினான். நாங்கள் சேர்ந்து உள்ளே இறங்கினோம். நான் இருந்தேன்! ஆறடிக்கு மேலே, தம்பியின் தட்டுகளுக்குக் கீழே, பாட்டுக்குப் பக்கத்தில், எனக்கென்று விட்டு வைத்த இடத்தில் நான் இருந்தேன். மிக்ஸரைப் பார்த்தேன். கேக்குது கட்டை விரலை உயர்த்தினார். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நம்பினேன். எட்டு பாட்டு வாசித்தோம். நாலாவதில் எனக்குத் தனியாக ஒரு இடம் உண்டு, அங்கே நீச்சல் உடையோடு வந்திருந்த யாரோ விசில் அடித்தார்கள். எட்டு மாதத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் மேடையை விட்டு இறங்கும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. தம்பி ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். "பாத்தியாக்கா? ஆம்ப்னா ஆம்ப்தான்! அந்த டப்பாவை வச்சுக்கிட்டு ரெண்டு வாரமா எங்க உயிரை வாங்கினியே!"

"ஆமாக்கா, ஆம்ப்ல என்ன ஒரு சவுண்டு!" என்றாள் பாடுகிறவள்.

கிளப் தலைவர் என் வீட்டுக்காரரோடு மேடையேறி வந்தார். "அருமையா இருந்ததும்மா, ஒவ்வொரு நோட்டும் தெளிவாக் கேட்டுச்சு" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தாங்க தூக்கிட்டு வந்தேன். முப்பத்தஞ்சு கிலோ, மூணு மாடி இறக்கி, இங்க ஒரு மாடி ஏத்தி..."

என் தலைக்குள் என்னவோ அறுந்தது. கத்தியிருப்பேன், நூற்றைம்பது பேர் முன்னால் கத்தியிருப்பேன். அதற்குப் பதிலாகத் திரும்பி, ஆம்பின் முதுகுப் பக்கம் கையை விட்டு, அதன் கரண்டு வயரை எடுத்து விரலில் தொங்கவிட்டேன். வியாழக்கிழமை அவர் சுற்றியது சுற்றியபடி, பச்சை ரப்பர் பேண்டோடு இருந்தது.

அவர் பேச்சு பாதியில் நின்றது. தம்பி வயரைப் பார்த்தான், பிறகு என் கிதாரிலிருந்து கிளம்பிய இன்னொரு வயரைக் கண்ணாலேயே தொடர்ந்துபோய், தரையில் மெழுகு வழிந்து உட்கார்ந்திருந்த பெட்டியில் வந்து நின்றான்.

"மைக்கே வேணாம்னுட்டாங்களே" என்றார் பின்னாலிருந்து கேக்குது.

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். தம்பி தலையைச் சொறிந்துகொண்டே டிரம்ஸைக் கழற்றப் போனான். அவனிடமிருந்து அதைவிடப் பெரிய மன்னிப்பை நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் இரண்டு நிமிஷத்தில் பையைக் கட்டிவிட்டேன். அவர் ஆம்புக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு வாரமா வேற என்ன சொல்லிட்டு இருக்கேன்?"

அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குனிந்து ஆம்பைத் தூக்கினார். நான் முன்னால் இறங்கினேன். படித் திருப்பத்தில் அவர் நின்றார். பெருமூச்சு விடவில்லை.

"இனிமே நான் வந்து என்ன பண்ணப் போறேன்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"உக்காந்து கேளுங்க. எட்டு மாசத்துல ஒரு பாட்டாவது முழுசாக் கேட்டிருக்கீங்களா?"

கீழே வந்து, என் தோளால் கதவைத் தள்ளி அவருக்காகப் பிடித்துக்கொண்டேன். வெளியே நின்றிருந்த காவலாளி ஓரமாக ஒதுங்கி, "ரொம்பக் கனமா சார்?" என்று கேட்டார்.

அவர் வழக்கம்போல வாயைத் திறந்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இருபத்திரெண்டு கிலோ" என்றார்.